மாடியில் சத்தம் நின்ற பிறகு

அன்புள்ள சேது,

நீ உள்ளறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். டேப் கிழிக்கும் ஓசை இங்கே வரைக்கும் கேட்கிறது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன்பு தண்ணீர் குடிக்க வந்தவன், "என்னம்மா, கல்யாண லிஸ்ட்டா?" என்று கேட்டாய். "ஆமாம்டா" என்றேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதியவளுக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத இவ்வளவு தயக்கம். நாளை நீ ஹெப்பகோடி வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறாய். அடுத்த மாதம் கல்யாணம் முடிந்து நித்யா அந்த வீட்டுக்கு வருவாள். அதற்கு முன்பு உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அல்லது சிரித்து மழுப்பிவிடுவேன். எழுத்தில் என்றால் கடைசிவரை சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது.

நான் அந்த ஏர் ரைஃபிளை வாங்கிய கதையை நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். உண்மையில் கடையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டு ஆறு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். கல்யாணம், வேலை, நீ, உன் அப்பாவின் உடம்பு, பிறகு அவர் போனது என்று நாற்பது வருடம் அதை நினைக்கவே நேரமில்லை. ரிடையர் ஆன மறுமாதம் கடைக்குப் போனேன். கடைக்காரர், "பையனுக்கா மேடம்?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இலேசான ஒன்றை எடுத்து வைத்து, "இது லேடீஸுக்குச் சரியா இருக்கும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சுவரில் இருந்ததிலேயே நீளமான, கனமான ஒன்றைக் காட்டி, "அது" என்றேன். லைசென்ஸ் தேவைப்படாத வகையிலேயே வலுவானது அதுதான் என்றார். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகிதத்தைத் துளைக்க அவ்வளவு வலு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதருக்குப் பதில் சொல்வதற்காக வாங்கிய துப்பாக்கி அது. வீம்புக்கு வாங்கும் எதுவும் நமக்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரரைத்தான் படுத்தும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அப்போது உனக்கு வேலை போய் நான்கு மாதம். காலையில் எழுந்து குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கே போய்விடுவாய். நான் உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று டிவியைக்கூடப் போடாமல் இருந்தேன். அடுக்களையில் பாத்திரத்தைப் பூப்போல வைத்தேன். உன் அறையிலிருந்து சத்தமே வராததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். கதவைத் தட்டி, "எப்படிடா இருக்க?" என்று கேட்டு, நீ உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் மாடிக்குப் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தேன். உன்னைத் தனியாக விட்டதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

மாடியில் சுட்டால் ஜீவனஹள்ளியில் நம் தெரு முழுக்கக் கேட்டது. 'டப்' என்று ஒரு வெடிப்பு, உடனே இரும்புத் தகட்டில் குண்டு பட்டு 'டங்' என்று இன்னொன்று. எதிர்வீட்டு நாய் குரைத்துக் குரைத்து ஓய்ந்து, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதவள் கீழே பக்கத்துப் போர்ஷனில் நம்மிடம் வாடகைக்கு இருக்கும் சவிதா மட்டும்தான். அவள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹாசன் பக்கத்துப் பெண், கன்னடம் கலந்த தமிழ் பேசுவாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஒரு நாள் பதினொரு மணிக்குக் கண் சிவந்து, தலைமுடி கலைந்து, படியேறி வந்தாள்.

"ஆன்ட்டி, நான் நைட் ட்யூட்டி முடிச்சிட்டு எட்டு மணிக்குதான் வந்தேன். எனக்கு இதுதான் ராத்திரி. நித்தே பரல்ல ஆன்ட்டி. தூக்கமே வரல."

எவ்வளவு தன்மையாகக் கேட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இது என் வீடும்மா. என் வீட்டு மாடியில நான் என்ன வேணா செய்வேன்." சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் தலையை ஆட்டிவிட்டுக் கீழே போனாள். அப்போதுதான் நீ அறைக்கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு வந்தாய்.

"அம்மா, அப்படிப் பேசாத. அவங்க கேட்டதுல என்ன தப்பு?"

நான்கு நாளாக நீ என்னிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசியிருக்கவில்லை. நீ திட்டியதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன செய்யச் சொல்ற? தூக்கிப் போட்டுடவா?" என்றேன். நீ துப்பாக்கியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதல்ல எங்கேர்ந்து சத்தம் வருதுன்னு பாக்கலாம்" என்றாய்.

அடுத்த மூன்று வாரங்கள் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள். இதை உன் கல்யாணத்துக்காகப் பூசி மெழுகிச் சொல்லவில்லை. நீ போனில் சத்தத்தைப் பதிவு செய்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகத் திரையில் காட்டினாய். "பாரும்மா, நாம ஒண்ணுன்னு நெனச்சது நாலு சத்தம்" என்றாய். குண்டு குழாயின் வாயைவிட்டு வெளியே வரும் வெடிப்பு ஒன்று. இலேசான குண்டு ஒலியையும் மிஞ்சிய வேகத்தில் போவதால் வரும் சாட்டையடி ஒன்று. குண்டு தகட்டில் மோதுவது ஒன்று. நான்காவதுதான் எனக்கு ஆச்சரியம். துப்பாக்கிக்குள் இருக்கும் சுருள்வில்லின் உதறல், நான் முழங்கை ஊன்றும் மேசைக்கால் வழியாகக் கான்கிரீட்டில் இறங்கி, நேராகச் சவிதாவின் படுக்கையறைக் கூரையில் போய் ஒலிக்கிறது என்றாய். தெருவுக்குக் கேட்டது வேறு, அவளைத் தூங்கவிடாதது வேறு.

கடைக்காரரிடம் கேட்டபோது, சத்தம் அடங்கக் குழாய் முனையில் மாட்டுகிற ஏதோ ஒன்றைச் செய்து தரும் ஆள் இருப்பதாகச் சொன்னார். நீ வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாய். "அதுல சட்டச் சிக்கல் வரும்மா. துப்பாக்கியத் தொட வேணாம். சுத்தி இருக்கறத மாத்துவோம்" என்றாய். அப்படியே செய்தோம். குண்டைக் கனமானதாக மாற்றியதும் சாட்டையடி போய்விட்டது. இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு, மரப்பெட்டியில் பழைய புடவைகளை இறுக்கித் திணித்துக் குண்டு தாங்கும் பெட்டி செய்தாய். அதில் என் நிச்சயதார்த்தப் புடவையும் ஒன்று, சரிகை போய் நைந்தது. "இதைக் குடுக்கறியா, சுடறதுக்கா?" என்று நீ பதறினாய். சிவாஜிநகரில் ரப்பர் விரிப்பு வாங்கி, மேசைக்கால்களுக்கு அடியில் நான்கு மடிப்பாகப் போட்டோம். நான் உட்காரும் மூலையைச் சுற்றிப் பிளைவுட் அடித்து, உள்ளே தேங்காய்நார் மெத்தையும் கிழிந்த ரஜாய்ப் போர்வைகளும் தொங்கவிட்டாய். பழைய மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ முன்னால் நடக்க, நான் பின்னால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு காக்ஸ் டவுன் மார்க்கெட்டைக் கடந்தோமே, ஒரு ஆட்டோக்காரர், "என்னம்மா, வீடு காலியா?" என்று கேட்டார். "இல்லைங்க, துப்பாக்கிக்குப் படுக்கை" என்றாய். அந்த மனிதர் உடனே ஆட்டோவைக் கிளப்பினார்.

கடைசிச் சோதனை நாள் உனக்கு நினைவிருக்கும். சவிதாவுக்கு லீவு. அவள் வீட்டு ஹாலில் நீ உட்கார்ந்திருந்தாய், நான் மாடியில். போனில் பேசினோம்.

"சுடும்மா."

"சுட்டேன்டா."

"வெளாடாத. சுடு."

"மூணு தடவ சுட்டுட்டேன்டா!"

கீழேயிருந்து நீ சிரித்த சிரிப்பு போன் இல்லாமலே எனக்குக் கேட்டது. அப்பா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சவிதா அன்று சாயங்காலம் ஒப்பட்டு, நம் போளிதான், செய்து எடுத்து வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சிக்கோம்மா" என்றேன். "பரவாயில்ல விடுங்க ஆன்ட்டி, இப்ப நான் கும்பகர்ணன்" என்றாள். மறுநாளிலிருந்து நீ ஹாலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாய். இன்டர்வ்யூக்களுக்கு எழுதிப் போட ஆரம்பித்தாய்.

நீ அறிந்த கதை இதுவரைதான். இனி நீ அறியாதது.

ஒரு மாதம் கழித்து, இப்போது நீ வேலை பார்க்கும் கம்பெனியின் இன்டர்வ்யூவுக்குப் போயிருந்தாய். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. பத்தரைக்கு மாடிக்குப் போனேன். நம் மாடியின் அமைப்பு உனக்குத் தெரியும். நான் உட்காரும் மூலைக்கும் எதிர்க் கைப்பிடிச் சுவரோரம் இருந்த பெட்டிக்கும் நடுவில், பக்கவாட்டில் படிக்கட்டுக் கதவு திறக்கும். அதைப் பற்றி நானோ நீயோ ஒரு நாளும் யோசித்ததில்லை, ஏனென்றால் நான் சுடும்போது யாரும் மேலே வந்ததில்லை. பிளைவுட் மறைப்பு போட்ட பிறகு எனக்கு அந்தக் கதவு கண்ணிலும் படாது. குறிக்காகிதம் மட்டும்தான் தெரியும். மூச்சை நிறுத்தி விசையை அழுத்தினேன். அதே நொடியில் கதவு திறந்து, நீலமாக ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. புடவைப் பெட்டியில் கேட்கவேண்டிய 'தொப்' கேட்கவில்லை. வேறு ஒரு ஓசை கேட்டது.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். சவிதா நின்றுகொண்டிருந்தாள். யூனிபாரம் ஊறிய நீல பக்கெட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளை. அதிலிருந்து சோப்புத் தண்ணீர் அவள் பாதத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. துளைக்கும் அவள் வயிற்றுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. குண்டு உள்ளே துணியில் சிக்கிக்கொண்டிருந்தது.

"சத்தமே பரலில்லா ஆன்ட்டி" என்றாள், கன்னடமும் தமிழும் குழம்ப. "சத்தம் கேக்கல. நீங்க மேல இல்லன்னு நெனச்சேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கெட்டை வைத்துவிட்டு, தன் வயிற்றையும் கைகளையும் தடவிப் பார்த்துக்கொண்டு, பிறகு என் பக்கத்தில் மண்டியிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். செத்திருக்கக்கூடியவள் அவள். நாடி பார்த்தது எனக்கு. "மூச்ச மெதுவா விடுங்க ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் ஆகல. பாருங்க, ஒண்ணும் ஆகல." என் படபடப்பு அடங்கிய பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று சொன்னாள்:

"போன வருஷம் ஒரு பையன் வந்தான் ஆன்ட்டி, இந்த மாதிரி குண்டு கண்ணுல பட்டு. நான்தான் கட்டு மாத்தினேன். இத வெளாட்டு சாமான்னு நெனைக்கறீங்களா? முன்னாடி சத்தம் வந்தா எனக்கு நித்தே போகும், எரிச்சல் வரும். ஆனா நீங்க மேல இருக்கீங்கன்னு தெரியும், நான் துணி எடுத்துட்டு வரமாட்டேன். சத்தம் போயிடுச்சு. அதுக்குப் பதிலா ஒரு பெல் வைக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணலையா?"

தோணவில்லை, சேது. நான்கு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிய நமக்கு, அந்தச் சத்தம் அத்தனை நாளாக ஒரு காவலாகவும் இருந்திருக்கிறது என்று தோணவில்லை. அவள் பேசி முடிப்பதற்குள் என் போன் அடித்தது. நீதான்.

"அம்மா! செலக்ட் ஆயிட்டேன்மா! இங்கயே சொல்லிட்டாங்க!"

"சந்தோஷம்டா கண்ணா" என்றேன். ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். நீ இன்னும் என்னவெல்லாமோ சொன்னாய். சவிதாவுக்கு உன் குரல் கேட்டிருக்க வேண்டும். நான் வைத்ததும், "வேலை கிடைச்சதா?" என்றாள். தலையாட்டினேன். அவள் பக்கெட்டின் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "இன்னிக்கு அவர்கிட்ட சொல்ல வேணாம்" என்றாள். "ஆனா ஒரு நாள் சொல்லுங்க. சத்தத்த நிறுத்தினது அவர்தானே."

அன்று நீ ஸ்வீட் பெட்டியோடு வந்து, முதல் துண்டைச் சவிதாவிடம் கொடுத்தாய். அவள் வாங்கிச் சாப்பிட்டு, கங்கிராட்ஸ் சொன்னாள். அவளைப் போல ஒரு மனுஷி நம் வீட்டில் வாடகைக்கு இருப்பது நம் அதிர்ஷ்டம். வீடு யாருடையது என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் எடுத்ததில்லை.

என் தோள்பட்டை வலி பொய். அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து துப்பாக்கியைத் தொட என் கை வரவில்லை. "ஏம்மா மேல போகல?" என்று நீ கேட்டபோது, தோள் வலிக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ தைலம் வாங்கி வந்தாய். தேய்த்துவிட்டாய். அது போதாதென்று பிசியோதெரபிக்கு அழைத்துப் போனாய். அந்தப் பெண் என் கையைத் தூக்கித் தூக்கி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்க, நான் எங்கே வலிக்கவேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைக் காட்டினேன். மூன்றாவது நாள் அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்வது எவ்வளவு வேலை என்று எனக்கு அந்தப் பொய் ஓடிய மூன்று மாதத்தில்தான் தெரிந்தது.

பிறகு சவிதாதான் என்னைக் கிளப்பினாள். "பயந்து விட்டுட்டா அது தப்பு ஆன்ட்டி, சரியா கத்துக்கோங்க" என்றாள். நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு முதல் முறை என்னோடு ஆட்டோவில் வந்தவளும் அவளே. அங்கே என் துப்பாக்கியைப் பார்த்த பயிற்சியாளர், "இவ்ளோ பவர் பத்து மீட்டருக்கு வேணவே வேணாம்மா" என்றார். கடையில் கேட்கத் தெரியாத கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது. அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, இலேசான ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் அன்று எடுத்து வைத்தாரே, ஏறக்குறைய அதுவேதான். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கூடத்தில் ஒருவர் சிவப்பு விளக்கைப் போட்டு, உரக்கக் குரல் கொடுத்த பிறகுதான் எல்லாரும் சுடுவார்கள். நிறுத்தச் சொல்லியும் குரல் கொடுப்பார்கள். எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் ஒருவர் முன்னால் போவார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நம் மாடியில் இப்போது துணி மட்டும்தான் காய்கிறது. மறைப்பை நான் பிரித்ததற்கு, உன்னிடம் அப்போது சொன்னதுபோலக் கரையான் காரணமில்லை.

இதை உன்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போன வாரம் நித்யாவிடம் நீ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எங்கம்மாவும் நானும் ஒரு ஏர் ரைஃபிளையே சைலன்ட் ஆக்கினோம், எந்தப் பிரச்சினையா இருந்தாலும் பிரிச்சுப் பார்த்தா தீர்த்துடலாம்" என்றாய். எவ்வளவு பெருமை உன் குரலில். அந்தப் பெருமை உனக்கு உரியதுதான். நீ செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. பெட்டி தாங்கியது, மேசைக்கால்கள் அதிரவில்லை, அவள் தூங்கினாள். ஆனால் ஒரு தொல்லையை ஒழிக்கும்போது, அது கூடவே செய்துகொண்டிருந்த நல்லதையும் நாம் சேர்த்து ஒழித்துவிடலாம். நீ கட்டிடம் கட்டுகிறவனில்லை, மென்பொருள் எழுதுகிறவன். என்றாலும் உன் வேலையில் இது உனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். ஒன்றைச் சரிசெய்து முடித்ததும், அதன் பக்கத்தில் வாழ்கிறவரைக் கூப்பிட்டு, "இப்போ உங்களுக்கு என்ன மாறியிருக்கு?" என்று கேள். நாம் சவிதாவிடம் சத்தம் கேட்கிறதா என்று மட்டும்தான் கேட்டோம்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். நித்யா முகம் சுளித்தால், குரல் உயர்த்தினால், அதை அடக்க வழி தேடாதே. என்ன சொல்ல வருகிறாள் என்று கேள். அவள் பேசாமலே இருக்கும் நாளில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று என்னைப் போல நீயும் நினைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடாதே. கதவைத் தட்டு. அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. சொன்னால் அவள் உன்னைக் குறைவாக நினைப்பாள் என்று பயப்படாதே. அந்தப் பெண்ணை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவள் உன் தட்டில் சோறு தீர்ந்ததை உனக்கு முன்பே கவனிக்கிறவள்.

நான் தனியாக இருப்பேனே என்று கவலைப்படாதே. செவ்வாயும் வெள்ளியும் எனக்குப் பயிற்சி. ஞாயிறு சவிதாவுக்கு லீவு இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சமைப்போம். போன மாதம் பத்துக்கு எட்டு என்று வந்தது என் குறி. அறுபதைத் தாண்டியவளுக்கு மோசமில்லை. உண்மையைச் சொன்னால், நான் சந்தோஷமாக இருக்கிறேன். இந்த ஒன்று மட்டும்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

நீ மறுபடியும் வந்து, "இன்னும் முடியலையா லிஸ்ட்?" என்கிறாய். முடிந்துவிட்டது. இதைக் கவரில் போட்டு உன் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, நீ ஹெப்பகோடி போய்ச் சேர்ந்த பிறகு படிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். இப்போதே எழுந்து வந்து உன் கையில் கொடுக்கிறேன். நீ அந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து படி. நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கடைசி வரியைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து என்ன சொன்னாலும், அதைக் கேட்க நான் அங்கேயே இருப்பேன்.

அம்மா